அம்மம்மாவைக் கதிரையால எழுப்புறது எப்பிடி: வயசுபோன ஆக்களின்ர காலுக்குத் திரும்பப் பெலம் எடுக்க

முதல்ல வீட்டில இருக்கிற உறுதியான கதிரை ஒண்டை எடுத்து பின்பக்கம் சுவரில முட்டுற மாதிரி வையுங்கோ, பிளாஸ்ரிக் கதிரையெண்டா சீமெந்து நிலத்தில வழுக்கும் அதால கட்டாயம் சுவரோட வையுங்கோ, இருக்கிற உயரம் ஒண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவா இருந்தா சரி. அதில அம்மாவையோ அப்பாவையோ அம்மம்மாவையோ இருத்தி, ரெண்டு கையையும் நெஞ்சில குறுக்கக் கட்டச் சொல்லி, கை ஊண்டாமல் அஞ்சுதரம் முழுசா நிமிர்ந்து எழும்பி எழும்பி இருக்கச் சொல்லுங்கோ. நீங்கள் பக்கத்தில பிடிக்கக்கூடிய தூரத்தில நிக்கோணும், மற்றக் கையில போனில ஸ்ரொப்வோச். அஞ்சாவது தரம் நிமிர்ந்து நிண்டவுடன ஸ்ரொப்வோச்சை நிப்பாட்டுங்கோ. 12 செக்கன் அல்லது அதுக்கு மேல எடுத்தா, இல்லாட்டி கை ஊண்டாமல் எழும்பவே ஏலாமப் போனா, கால் பெலம் இறங்கிட்டுது எண்டு அர்த்தம். இந்த 12 செக்கன் நான் சொல்ற கணக்கில்லை, ஆசிய நாடுகளின்ர சார்க்கோபீனியா ஆராய்ச்சிக் குழு 2019 இல எங்கட ஆசிய உடம்புகளுக்கெண்டு வைச்ச அளவு. சார்க்கோபீனியா எண்டா வயசோட தசை கரையிறது, 1989 இல அமெரிக்காவில இர்வின் ரோசன்பேர்க் எண்டவர் அந்தப் பேரை வைக்குமட்டும் அதுக்கொரு பேர்கூட இருக்கேல்ல, எல்லாரும் "வயசு போட்டுது" எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவை. நாங்கள் இப்பவும் அதைத்தான் சொல்லுறம்.

எங்கட அம்மம்மாவுக்கு 78 வயசு, விசுவமடுப் பக்கம் இருக்கிறம். அவவுக்கு முதல்தரம் இதைச் செய்து பாக்கேக்க ரெண்டுதரம் எழும்பினவா, மூண்டாவதில இடக்கை தானா நெஞ்சை விட்டு இறங்கி முழங்காலை அமத்தினது, நாலாவதில கதிரைக் கையைப் பிடிச்சிட்டா. எல்லாமாச் சேத்து 23 செக்கன். எழும்பி நிண்டிட்டு "சரியோ மோனை?" எண்டு கேட்டவா, எனக்கு ஒண்டும் சொல்ல வரேல்ல. ஏனெண்டா ஒரு வருசமா எங்கட கண்ணுக்கு முன்னாலதான் இது நடந்துகொண்டிருந்திருக்கு, கிணத்தடியில இருந்து அவ தூக்கிக்கொண்டு வாற வாளி முந்தி விளிம்புமட்டும் நிரம்பியிருக்கும், பேந்து முக்கால்வாசி, பேந்து அரைவாசி. நாங்கள் வாளியைப் பாத்தனாங்கள், அவ மிச்சம் பிடிக்கிறா எண்டு நினைச்சனாங்கள், காலை யோசிக்கேல்ல.

இப்பிடி மெல்ல மெல்ல இறங்கிறதைக் கண்டுபிடிக்க இன்னும் ரெண்டு மூண்டு வழி இருக்கு, காசு ஒண்டும் தேவையில்லை. ஒண்டு நடை. விறாந்தையில இல்லாட்டி முத்தத்தில 6 மீற்றர் அளந்து ரெண்டு கோடு கீறுங்கோ, கோட்டுக்கு ஒரு ரெண்டடி முன்னால இருந்தே நடக்கத் தொடங்கி வழக்கமா நடக்கிற மாதிரி நடக்கச் சொல்லுங்கோ, ஓட்டமும் இல்லை ஆமை நடையும் இல்லை. 6 செக்கனுக்கு மேல போச்செண்டா அதே ஆசியக் குழுவின்ர கணக்கில நடை குறைஞ்சிட்டுது. நடையில என்ன இருக்கு எண்டு நினைக்காதேங்கோ, 2011 இல 34,485 வயசுபோன ஆக்களின்ர தரவைச் சேத்துப் பாத்த ஆராய்ச்சி ஒண்டில, வழக்கமா நடக்கிற வேகம் கூடின ஆக்கள் கூடக் காலம் சீவிச்சிருக்கினம் எண்டு கண்டிருக்கினம், இதயம், சுவாசப்பை, நரம்பு, தசை எல்லாம் சேந்து வேலை செய்தாத்தானே நடை வரும்.

மற்றது யப்பான்காரர் கஷிவா எண்ட ஊரில செய்து பாத்த விரல் வளையம். ஆள் தானே கதிரையில இருந்து பாதம் ரெண்டையும் நிலத்தில வைச்சுக்கொண்டு, தன்ர ரெண்டு கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேத்து வளையமாக்கி, பெலம் குறைஞ்ச பக்கத்துக் கெண்டைக்காலில மொத்தமான இடத்தைச் சுத்திப் பிடிச்சுப் பாக்கோணும். விரல் முட்டாட்டி நல்லது. முட்டி, இடையில வெளி தெரிஞ்சா தசை கரைஞ்சிருக்க வாய்ப்புக் கூட. கால் வீங்கியிருக்கிற ஆக்களுக்கு இது சரிவராது, வீக்கம் ஏமாத்திப் போடும், அவை முதல்ல வீக்கத்துக்கு டொக்டரைப் பாக்கட்டும்.

அமெரிக்காவில லிண்டா ஃபிரீட் எண்ட டொக்டரும் அவவோட சேந்த ஆக்களும் 2001 இல உடம்பு தளர்றதுக்கு அஞ்சு அடையாளம் சொன்னவை, இண்டைக்கும் உலகம் முழுக்கப் பாவிக்கினம். நினைக்காமலே ஒரு வருசத்தில நாலரைக் கிலோ போல நிறை குறையிறது, எப்ப பாத்தாலும் களைப்பு, கைப்பிடி தளர்றது, நடை மெதுவாகிறது, உடம்பை அசைக்கிறது குறையிறது. அஞ்சில மூண்டு இருந்தா ஆள் தளர்ந்திட்டார், ஒண்டோ ரெண்டோ எண்டா தளர்ச்சி தொடங்குது. எங்கட வீடுகளில இது எப்பிடித் தெரியுமெண்டா, போன வருசத் திருவிழாவுக்குத் தைச்ச சட்டை தோளால வழுவும், காப்பு முழங்கை மட்டும் ஏறும், ஈரச் சீலையைப் பிழிஞ்சு போட்டா கொடியில இருந்து தண்ணி சொட்டிக்கொண்டே நிக்கும், போத்தில் மூடி திறக்க பேரப்பிள்ளையைக் கூப்பிடுவினம், வற்றாப்பளைப் பொங்கலுக்கு "இந்தமுறை நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டில நிக்கிறன்" எண்டு சொல்லுவினம். இதில ரெண்டு மூண்டு சேந்து தெரிஞ்சா அண்டைக்கே கதிரையை இழுத்துப் போடுங்கோ. நிறை குறையிறது மட்டும் தனிக் கதை, அதுக்குச் சீனி வருத்தம், தைரொயிட், காசம், புற்றுநோய், பல் பிரச்சினை எண்டு கனக்கக் காரணம் இருக்கலாம், அதைச் சாப்பாட்டாலயும் எக்சசைசாலயும் சமாளிக்க நிக்காமல் ஆஸ்பத்திரியில காட்டுங்கோ.

வன்னியில இன்னொண்டும் இருக்கு. 2009 இல பிள்ளையை, புருசனைப் பறிகுடுத்த ஆக்கள், இண்டைக்கும் ஒரு செய்தி வருமெண்டு படலையைப் பாத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் எங்கட ஒழுங்கையிலயே இருக்கினம். சாப்பாட்டை அளைஞ்சுபோட்டு எழும்பிறது, கட்டிலை விட்டு எழும்ப மனமில்லாமக் கிடக்கிறது, அதெல்லாம் வயசு இல்லை, மனம். மாவட்ட ஆஸ்பத்திரிகளில மனநலக் கிளினிக் இருக்கு, கூட்டிக்கொண்டு போறதில ஒரு வெட்கமும் இல்லை. மனம் படுத்தா உடம்பும் படுத்திரும், ரெண்டையும் சேத்துத்தான் எழுப்போணும்.

இனி ஏன் இறங்குது எண்டு பாத்தா, வயசு ஒரு பங்குதான், மிச்சத்தில எங்கட பாசம் நிறையக் கிடக்கு. அம்மம்மா முந்தி நாத்து நட்டவா, கச்சான் பிடுங்கினவா, விறகு சுமந்தவா, குந்தியிருந்து திருவலையில தேங்காய் திருவினவா. வீட்டுத்திட்டத்தில வீடு வந்து, மோட்டர் பூட்டி, காஸ் வந்து, கனடாவில இருந்து மாமா கிறைண்டர் வாங்கக் காசனுப்பி, நாங்கள் எல்லாரும் சேந்து "நீங்கள் இருங்கோ அம்மம்மா, நான் செய்யிறன்" எண்டு ஒவ்வொண்டாப் பறிச்சு எடுத்திட்டம். அவ பட்ட கஷ்டத்துக்கு இனி இருக்கட்டும் எண்டுதான் செய்தனாங்கள். ஆனா வேலை இல்லாத தசையை உடம்பு வைச்சிருக்காது, கரைச்சுப்போடும்.

திரும்பி வருமோ? வரும். 1990 இல அமெரிக்காவில பொஸ்ரன் நகரத்து முதியோர் இல்லம் ஒண்டில 86 இல இருந்து 96 வயசு வரைக்கும் உள்ள பத்துப்பேரை எடுத்து, எட்டுக் கிழமை காலுக்குப் பாரம் கட்டித் தூக்கப் பழக்கினவை. கால் பெலம் சராசரி 174 வீதம் கூடினது, கைத்தடியோட நடந்த ரெண்டுபேர் தடி இல்லாமல் நடந்தவை. பிறகு பயிற்சியை விட்டு நாலு கிழமையில பெலம் திரும்ப இறங்கத் தொடங்கிட்டுது, அதையும் மறக்காதேங்கோ, இது தைப்பொங்கலுக்குத் தொடங்கி மாசியில விடுற வேலை இல்லை. அதே ஆக்கள் 1994 இல 100 பேரை வைச்சுச் செய்த ஆராய்ச்சியில பயிற்சி செய்த ஆக்களுக்குப் பெலம் வந்தது, பயிற்சி இல்லாமல் சத்துப்பானம் மட்டும் குடிச்ச ஆக்களுக்கு வரேல்ல. வெளிநாட்டில இருந்து சத்துமா ரின் அனுப்புற பிள்ளையள் இதை வாசிச்சா, அந்தக் காசோட ஒவ்வொரு கிழமையும் வீடியோக் கோலில வந்து "அம்மா எழும்பி இருங்கோ பாப்பம்" எண்டு எண்ணிவிடுங்கோ, ரின்னை விட அது கனக்கச் செய்யும்.

பயிற்சியை இப்பிடித் தொடங்குங்கோ. அதே கதிரை, அதே சுவர். கை ஊண்டாமல் எழும்ப ஏலாட்டி இருக்கிற இடத்தில ஒரு தலையணியோ மடிச்ச போர்வையோ வைச்சு உயத்துங்கோ, அப்பவும் ஏலாட்டிக் கதிரைக் கையைப் பிடிச்சு எழும்பட்டும். பாதம் ரெண்டும் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால, மூக்கு கால் பெருவிரலுக்கு மேல வாற அளவுக்கு முன்னால சாய்ஞ்சு எழும்போணும், நிமிர்ந்தபடியே எழும்பப் பாத்தா ஆர் எண்டாலும் பின்னால விழுவினம். எழும்பேக்க மூச்சை வெளிய விடோணும், அடக்கப்படாது. முக்கியமான இடம் இருக்கிறது: தொப்பெண்டு விழாமல் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணிக்கொண்டு மெல்ல இறங்கி இருக்கோணும், அதிலதான் துடைத் தசைக்கு உண்மையான வேலை. எட்டுத்தரம் செய்து ரெண்டு நிமிசம் ஆறி, திரும்ப எட்டு. கிழமையில மூண்டு நாள், இடையில ஒரு நாள் விட்டு. எட்டும் லேசா வருதெண்டா தலையணியை எடுங்கோ, பிறகு கையை எடுங்கோ, பிறகு நெஞ்சோட ஒரு லீற்றர் தண்ணிப் போத்திலைப் பிடிச்சுக்கொண்டு எழும்பட்டும். கடைசி ரெண்டு தரமும் கஷ்டப்பட்டு வரோணும், அப்பத்தான் தசைக்கு விளங்கும், சும்மா காலை ஆட்டிக்கொண்டிருந்தா பெலம் வராது. பொஸ்ரனிலயும் அவை பாரத்தைக் கூட்டிக்கூட்டித்தான் செய்தவை.

அடுத்தது, கதிரையில இருந்தபடி ஒரு காலை நீட்டி உயத்தி மூண்டு எண்ணி இறக்கிறது. பழஞ்சீலைத் துண்டில அரைக்கிலோ மணலை முடிஞ்சு கணுக்காலில கட்டிவிட்டா அதுதான் எங்கட ஜிம். பிறகு யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு குதிக்காலைத் தூக்கி இறக்கிறது, அதே கம்பியைப் பிடிச்சுக்கொண்டு ஒரு பாதத்துக்கு முன்னால மற்றப் பாதத்தை நேரா வைச்சுப் பத்துச் செக்கன் நிக்கிறது, இது விழாமல் இருக்க. அம்மம்மா முதல் கிழமை துடை நோகுது எண்டு சொன்னவா, ரெண்டு மூண்டு நாள் தசை நோகிறது பரவாயில்லை, ஆனா முழங்கால் சில்லுக்குள்ள குத்தினா, நெஞ்சு இறுகினா, மூச்சு முட்டினா, தலை சுத்தினா அந்த இடத்திலயே நிப்பாட்டி டொக்டரிட்டக் காட்டுங்கோ. இதயத்தில பிரச்சினை, பிறஷர் கட்டுப்பாட்டில இல்லாதது, அண்மையில ஒப்பரேசன் எண்டா தொடங்க முன்னமே கிளினிக்கில கேளுங்கோ.

ஷெல் துண்டு உடம்பில கிடக்கிற ஆக்கள், கால் இழந்த ஆக்கள் எங்களில கனபேர், அவையும் இப்ப வயசாகினம். செயற்கைக் காலோட எழும்பேக்க மற்றக் காலுக்குத்தான் பாரம் கூடுதலாப் போகும், அந்தக் காலையும் நாரியையும் கெடுத்துப்போடும், அதால அவைக்கு நான் மேல சொன்ன கதிரைப் பயிற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்ல மாட்டன். பிசியோதெரபி ஆக்களிட்ட ஒருக்காப் போய்க் காட்டி, எந்தப் பயிற்சி எத்தினைதரம் எண்டு எழுதி வாங்குங்கோ.

நடக்கிறதையும் விடாதேங்கோ. 2014 இல அமெரிக்காவில 70 இல இருந்து 89 வயசு வரை 1,635 பேரை ரெண்டு பங்காப் பிரிச்சு, ஒரு பங்குக்குக் கிழமைக்கு 150 நிமிசம் நடை எண்டு இலக்கு வைச்சு அதோட கால் பெலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி, மற்றப் பங்குக்குச் சுகாதார வகுப்பு எண்டு ரெண்டரை வருசத்துக்கு மேல பாத்தவை. 400 மீற்றர் நடக்கேலாமப் போன ஆக்கள் பயிற்சிப் பக்கம் 30.1 வீதம், வகுப்புப் பக்கம் 35.5 வீதம். பெரிய வித்தியாசம் இல்லைப் போல தெரியும், ஆனா அந்த அஞ்சு வீதத்தில உங்கட அம்மாவும் ஒராள் எண்டு நினைச்சுப் பாருங்கோ. எங்கட வெயிலுக்கு விடிய ஆறு மணி, இல்லாட்டி பின்னேரம் அஞ்சுக்குப் பிறகு, குளக்கட்டோ வாய்க்கால் கரையோ, யானை வாற பக்கமெண்டா நல்லா விடிஞ்சாப் பிறகு.

வேலையையும் திருப்பிக் குடுங்கோ. எங்கட வீட்டில திருவலையைத் திரும்ப எடுத்துக் குடுத்தம், உயரமான பலகையில வைச்சு. கத்தரிக்கண்டுக்குத் தண்ணி ஊத்துறது அவ, முத்தத்தில அரைவாசி கூட்டுறது அவ. முதல் நாள் அம்மா என்னோட ஏசினவா, கிழவியை வேலை வாங்கிறியோ எண்டு.

சாப்பாட்டுக்கு வாறன். தசைக்குப் புரதம் வேணும், வயசுபோன ஆக்களுக்கு வாலிப ஆக்களை விடக் கூட வேணும், 2013 இல பல நாட்டு நிபுணர் சேந்து சொன்ன கணக்கு ஒரு கிலோ நிறைக்கு ஒரு நாளைக்கு 1 இல இருந்து 1.2 கிராம். 50 கிலோ ஆளுக்கு 50 இல இருந்து 60 கிராம். எங்கட ஆச்சிமார் என்ன சாப்பிடுகினம்? காலமை பிளேன்ரீயும் ரெண்டு பிஸ்கற்றும், மத்தியானம் சோறும் குழம்பும், மீன் துண்டைப் பேரனுக்கு வைச்சிட்டு, ரா பாண். இருபத்தஞ்சு கிராமே வராது. ஒரு முட்டையில 6 கிராம், 100 கிராம் மீனில 20 கிராம் போல, ஒரு கைபிடி கச்சானில 7, ஒரு கிளாஸ் பாலில 6, காய்ஞ்ச சோயாமீற் 30 கிராமில 15 க்குக் கிட்ட. ஒரே நேரத்தில கொட்டாமல் மூண்டு நேரத்துக்கும் பிரிச்சுக் குடுங்கோ, காலமை முட்டை இல்லாட்டி அவிச்ச பயறு, மத்தியானம் முல்லைத்தீவு மீனோ குளத்து மீனோ, பல் இல்லாட்டி உதிர்த்து சோத்தோட பிசைஞ்சு, ரா குரக்கன் பிட்டோட பாலோ பருப்போ. தட்டில மீனை வைச்சிட்டு அவ சாப்பிட்டு முடியுமட்டும் பக்கத்தில இருங்கோ, இல்லாட்டி அது பேரன்ர தட்டுக்குப் போயிரும்.

ஆனா ஒரு பெரிய ஆனா. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும், சீனியாலயும் பிறஷராலயும் கிட்னி பழுதாகின ஆக்களும் ஊருக்கூர் இருக்கினம். கிட்னி கடுமையாப் பழுதான ஆளுக்கு மேல சொன்ன புரதக் கணக்குப் பொருந்தாது. அதால முட்டையையும் மீனையும் கூட்ட முன்னம் கிளினிக் கொப்பியில கிறியற்றினின் ரெஸ்ற், அதாவது கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு பாக்கிற இரத்தப் பரிசோதனை, எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ, இல்லாட்டி எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ.

காய்ச்சல், ஒப்பரேசன் எண்டு ஆஸ்பத்திரியில கிடக்கேக்க கவனம். 2007 இல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில நல்ல சுகமா இருந்த வயசுபோன ஆக்களைப் பத்தே பத்து நாள் கட்டிலில கிடத்திப் பாத்தவை, காலில மட்டும் ஒரு கிலோக்குக் கிட்ட தசை போட்டுது. சுகமான ஆளுக்கே அப்பிடியெண்டா வருத்தக்காரருக்கு எப்பிடி இருக்கும்? "எழும்பாதேங்கோ, படுங்கோ" எண்டு பக்கத்தில இருந்து நாங்கள்தான் அமத்திறம். டொக்டரிட்டயோ நேர்ஸிட்டயோ கேளுங்கோ, எழும்பி இருக்கலாமோ, நடக்கலாமோ எண்டு. ஓம் எண்டா சாப்பாட்டைக் கதிரையில இருத்திக் குடுங்கோ, கக்கூசுக்குப் பிடிச்சு நடத்திக்கொண்டு போங்கோ.

எழும்பேக்க தலை சுத்திற ஆக்களுக்குப் படுத்திருக்கேக்க ஒருக்கா, எழும்பி நிண்டு மூண்டு நிமிசத்துக்குள்ள ஒருக்கா பிறஷர் பாக்கச் சொல்லுங்கோ. மேல் கணக்கு 20 அல்லது கீழ் கணக்கு 10 இறங்கினா அதுதான் விழுத்துது. குளிசையாலயும் வரும், அதால வீட்டில இருக்கிற எல்லாக் குளிசையையும், நாட்டு மருந்தையும் சேத்து, ஒரு பையில போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, நீங்களா நிப்பாட்டாதேங்கோ. ராவில முத்தத்தைக் கடந்து கக்கூசுக்குப் போற வீடுகளில தலைமாட்டில டோர்ச், அடி தேய்ஞ்ச செருப்பை எறிஞ்சுபோடுங்கோ, குந்திற கக்கூசெண்டா சுவரில ஒரு குழாயைப் பூட்டுங்கோ, மழைக்காலத்தில கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு வாளி வைச்சாலும் பிழையில்லை.

மாசம் ஒருக்கா, அதே கதிரையில, அதே நேரத்தில அளந்து கலண்டரில எழுதுங்கோ. கதிரையை மாத்தினா கணக்கு மாறும். எங்கட அம்மம்மாவுக்கு நாலு மாசம் முன்னம் 23 செக்கன், பிறகு 19, அடுத்த மாசம் காய்ச்சலுக்குப் பிறகு 21, போன மாசம் 16, இந்த மாசம் 14. கடைசித்தரம் அளக்கேக்க கை நெஞ்சை விட்டு இறங்கேல்ல. இன்னும் 12 க்குக் கீழ வரேல்ல, தலையணியை எடுத்தாச்சு, இந்தக் கிழமை தண்ணிப் போத்தில் தொடங்கியிருக்கிறம், அவ அதைப் பிள்ளையைத் தூக்கிற மாதிரி நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு எழும்பிறா.